கிராம்பு எங்கே, வெர்னேயம்மா?

வெர்னேயம்மாவின் கடையில் யாராவது "சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். பரிமாறுகிற ஃபெர்னாந்த் கையிலிருக்கும் தட்டை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு அந்த ஆளை ஏற இறங்கப் பார்ப்பாள். "பாரிஸ்காரரா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் மரியாதை மருந்துக்கும் இருக்காது.

லியோன் நகரத்தில், அதுவும் க்ருவா-ரூஸ் மேட்டில், நன்றாகச் சாப்பிட்டவன் குறை சொல்ல வேண்டும். தட்டை ரொட்டித் துண்டால் பளபளவென்று துடைத்து, அந்த ரொட்டியையும் விழுங்கிவிட்டு, "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் சமைத்தவளுக்கு வயிறு நிறையும். புகழ்ச்சி செத்தவர்களுக்கு உரியது. "உசிரோட இருக்கறவளைப் புகழ்ந்தா ஆயுசு குறையும். அவ செத்தப்புறம் சொல்லிக்கலாம், இப்ப என்ன அவசரம்?" என்பார் தறி பழுது பார்க்கும் தியோலியே. வாய் கொஞ்சம் நீளம்தான் அந்த மனுஷனுக்கு. ஆனால் அவர் சொன்னதை அந்த மேட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சாப்பாடு என்றால் காலை ஒன்பது மணிச் சாப்பாடு. விடியுமுன் தறியில் உட்கார்ந்த பட்டு நெசவாளிகள் ஒன்பது மணிக்கு இறங்கி வந்து குடலும் தலைக்கறியும் தின்று, ஒயினும் குடித்துவிட்டுப் போன பழக்கம் அது. தறிகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்விட்டன. பசி போகவில்லை. அஞ்சல்காரன், ரொட்டிக்கடை ரெவோல், ஓய்வு பெற்ற அச்சுக்கோப்பவர் என்று பதினைந்து இருபது பேர் ஒன்பதடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் நிற்பார்கள். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் இருக்கும் மரப்பெட்டிக்குப் போவார்கள். அதில் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அவரவர் அறையில் அவரவர் துணி, மடியில் விரிக்கவும் வாய் துடைக்கவும். திங்கள் முதல் சனி வரை ஒரே துணிதான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு வெர்னேயம்மாவே எல்லாத் துணியையும் துவைத்துப் போடுவாள். அந்தப் பெட்டியில் ஓர் அறை கிடைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மூன்று வருஷம் வந்து போனவர்களுக்கே கிடைக்கவில்லை. ஏழாம் எண் தியோலியேயுடையது.

அம்மா என்று கூப்பிட்டார்களே தவிர, லெயோனி வெர்னேக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த ஊரில் கடை வைத்துச் சமைக்கிற பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோழிக்குப் பேர் போன ப்ரெஸ் பக்கத்து வயற்காட்டில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தாள். பதினான்கு வயதில், கெட்டும் பட்டணம் சேர் என்கிற மாதிரி, லியோனில் மூயேயம்மாவின் சமையலறைக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தாள், கோழி உரித்தாள், குடல் கழுவினாள். மூன்றாம் வருஷம் மூயேயம்மா அவள் கண்ணைத் துணியால் கட்டி ஆறு பானைக்கு முன்னால் நிறுத்தினாள். எதில் வெங்காயம் இன்னும் பச்சை, எதில் ஒயினின் காட்டம் இன்னும் அடங்கவில்லை, எதில் வெண்ணெய் இன்னும் ஒரு நொடியில் கருகும். மூக்கால் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கரண்டிக் காம்பு விரல் முட்டியில் இறங்கும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரண்டிக்கு வேலையில்லாமல் போயிற்று.

முப்பத்தொன்றாவது வயதில் மேட்டுச் சரிவில் எட்டு மேசை போட்டுச் சொந்தக் கடை திறந்தாள். அது 1957. ஒரு பதார்த்தத்துக்கும் அவளிடம் எழுதி வைத்த கணக்கு கிடையாது. ஒரு தடவை ஹோட்டல் பள்ளிக்கூடத்தில் படித்த உதவிச் சமையல்காரன் ஒருத்தன் தராசோடு வேலைக்கு வந்தான். "மருந்துக் கடை நாலு வாசல் தள்ளி இருக்கு, போய்யா" என்று தராசையும் அவனையும் சேர்த்து வெளியே அனுப்பினாள். வாசலில் நின்றபடி கதவைத் திறக்கும்போதே, குடல் வெந்துவிட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். தெருவில் போகிற கறிக்கடைக்காரன் கூடையை மூடி வைத்திருந்தாலும், உள்ளே இருப்பது நேற்றைய குடலா இன்றைய குடலா என்று தெரியும்.

கடை திறந்த முதல் வாரத்தில் வந்தவர்தான் தியோலியே. குடல் கறியைத் தட்டு மின்னத் துடைத்துத் தின்றுவிட்டுச் சமையலறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இதுல கிராம்பு போட்டியா, இல்ல பானைக்குத் தூரத்துல இருந்து காட்டிட்டு டப்பாவுல வச்சுட்டியா?"

லெயோனி கரண்டியோடு வெளியே வந்தாள். "கிராம்பு வேணும்னா பல்லு டாக்டர்கிட்டப் போய்யா. இது சமையக்கட்டு."

கடையே சிரித்தது. மறுநாள் காலை ஒன்பதுக்குத் தியோலியே மறுபடி வந்தார். மறுபடி கேட்டார். "கிராம்பு எங்கே, வெர்னேயம்மா?" இருபத்தைந்து வருஷம் கேட்டார். அவள் குடல் பானையில் போடுகிற முழு வெங்காயத்தில் இரண்டு கிராம்பு குத்துவாள். அதுதான் கணக்கு. இருபத்தைந்து வருஷத்தில் அது மூன்றாக ஆனதில்லை.

இடையில் லுசியான் என்று ஒரு புருஷன் இருந்தான். ஒயின் பீப்பாய் விற்கிறவன். வந்தான், ஏழு வருஷம் தின்றான், க்ரனோபிள்காரி ஒருத்தியோடு போய்விட்டான். அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை. ரெவோல் வெண்ணெய் ரொட்டி கொண்டு வந்து கொடுத்து, "மனசைத் தேத்திக்குங்கம்மா" என்றான். அவள் அடுப்புக்கு முன்னால் மரம் மாதிரி நின்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது சாப்பிடுகிற கூடத்திலிருந்து தியோலியேயின் குரல் வந்தது.

"புருஷன் போனா போறான். இந்தப் பருப்பு ஏன் வேகல?"

"பருப்பு வெந்துதான்யா இருக்கு! உனக்குத்தான் வாயில பல்லு இல்ல!" என்று பாய்ந்து வந்தவள் பத்து நிமிடம் நிறுத்தாமல் திட்டினாள். தியோலியேயைத் திட்டினாள், லுசியானைத் திட்டினாள், க்ரனோபிள் ஊரையே திட்டினாள். திட்டி முடித்தபோது மூச்சு சீராக வந்தது. உள்ளே போய் வெங்காயம் நறுக்கினாள். அந்த மனுஷன் அன்றைக்குத் தன்னைக் காப்பாற்றியதை அவள் மறக்கவில்லை. அதை அவரிடம் ஒரு நாளும் சொல்லவுமில்லை.

1983 ஜனவரியில் நிலவறைப் படியில் வழுக்கி விழுந்தாள். ஒயின் எடுக்க இறங்கியவள், பின்மண்டை கல்லில் மோதிற்று. ஆறு தையல். நாலாம் நாளே கடைக்கு வந்துவிட்டாள். "தலைதானே, அடுப்புக்குக் கைதான் வேணும்" என்று ஃபெர்னாந்திடம் சிரித்தாள். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிற ஃபெர்னாந்துக்குச் சிரிப்பு வரவில்லை.

லெயோனி வாணலியில் வெண்ணெய் போட்டாள், வெங்காயம் போட்டாள். சொய் என்ற சத்தம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. குனிந்தாள். முகத்தில் சூடு பட்டது, அவ்வளவுதான். ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். பூண்டை நசுக்கி மூக்கடியில் வைத்தாள். வினிகர் புட்டியைத் திறந்தாள், கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை. குப்பைக் கூடையைத் திறந்து அதற்குள் தலையை விட்டாள். ஒன்றுமில்லை. கூடையைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்னைத் தெரியாத ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகச் சொன்னார்.

"பின்னால அடிபட்டா முன்னால மூக்கு நரம்பு அறுந்துடும், மதாம். சில பேருக்குத் திரும்பி வரும். ஒரு வருஷம் பார்ப்போம்."

"வரலேன்னா?"

"பழகிக்கணும். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"துணி தைக்கிறேன்" என்றாள் லெயோனி.

"அப்பக் கவலையே இல்ல. பொழைப்புக்கு ஒண்ணும் கெடுதி இல்லையே" என்று அவர் சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, இனிப்பும் கசப்பும் தெரிந்தன. மற்றதெல்லாம் அட்டையைத் தின்கிற மாதிரி. காபி வெறும் கசந்த வெந்நீர். ரெவோலின் ரொட்டி பஞ்சு. காலையில் கதவைத் திறந்தால், இருபத்தைந்து வருஷமாக முகத்தில் வந்து மோதுகிற அவளுடைய கடை அங்கே இல்லை. நாலு சுவரும் எட்டு மேசையும்தான் இருந்தன. பகவானே, இதற்குக் கண்ணைப் பிடுங்கியிருக்கலாம் என்று பலமுறை நினைத்தாள். கண் போயிருந்தால் சமைத்திருப்பாள். மூயேயம்மா கண்ணைக் கட்டித்தானே கற்றுக் கொடுத்தாள்!

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தராசு வாங்கினாள், மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அடுப்புக்கு மேல் கடிகாரம் மாட்டினாள். வெண்ணெய் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்தாள், எண்ணெயின் சத்தத்தைக் காதால் கேட்டாள், குடலை விரலால் அழுத்திப் பார்த்தாள். இவ்வளவும் செய்தாலும் கறி முன்போல இருக்கிறதா என்று யார் சொல்வது? தன் கைச் சமையல் இன்னும் தன் கைச் சமையலா என்று தெரிய வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இல்லையென்றால் கடையை மூட வேண்டும். கடையை மூடினால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மேலே ஓர் அறை, ஒரு கட்டில்.

ஒன்பது மணிக்குக் குரல் வந்தது. "கிராம்பு எங்கே, வெர்னேயம்மா?"

அன்றைக்கு அடுப்புக்குப் பின்னால் நின்று அவள் அழுதாள். சந்தோஷ அழுகைதான். தியோலியே குறை சொல்கிறார் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. தட்டுகளும் வழக்கம்போல ரொட்டியால் துடைத்துத் திரும்பி வந்தன. வேறு ஊராக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு ஊரில் குறை சொன்னால் குறை என்றுதான் அர்த்தம்.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? இருட்டில் நடக்கிறவள் சுவரைத் தடவுகிற மாதிரி, அவள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் இந்த ஆள் சொன்னதை நாம் கேட்டதில்லை. இப்போது நமக்கு மூக்கில்லை, அவருக்கு இருக்கிறது. ஒருவேளை உண்மையாகவே கிராம்பு குறைகிறதோ? ஒரு நாள் வெங்காயத்தில் மூன்று குத்தினாள். மறுநாளும் அவர் "கிராம்பு எங்கே?" என்றார். நாலு குத்தினாள். கோடை வந்தபோது ஏழு. திராட்சை பறிக்கும் பருவம் வந்தபோது அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அக்டோபரில் ஃபெர்னாந்த் தன் அக்கா மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை லெயோனி தனியாக மரப்பெட்டியிலிருந்து துணிகளை எடுத்தாள். ரெவோலின் துணி கனமாக இருந்தது. பிரித்தாள். நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் குடல் கறி, காய்ந்து ஒட்டியிருந்தது. அச்சுக்கோப்பவரின் துணியிலும் அப்படியே. அஞ்சல்காரன் துணியில் கறி இல்லை, ஆனால் வாய் துடைத்த கறை ஓரத்தில் இருக்க வேண்டியது போய், நடுவில் ஒரு பெரிய வட்டமாக எண்ணெய். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் போட்டாள். பத்தொன்பது துணி. தட்டுகள் ஏன் அவ்வளவு சுத்தமாகத் திரும்பி வந்தன என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ஏழாம் எண் துணி மட்டும் வழக்கம்போல ஓரத்தில் அழுக்கு. அந்த ஒரு மனுஷன் மட்டும் விழுங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை ஃபெர்னாந்த் வந்தபோது துணிகள் தரையில் அப்படியே கிடந்தன. அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்பத்துல இருந்து?" என்றாள் லெயோனி.

"முதலாளியம்மா..."

"எப்பத்துல இருந்துன்னு கேட்டேன்."

"ஈஸ்டர்ல இருந்து. சனிக்கிழமை சாயந்தரம் நான் அலசி வச்சுடுவேன், உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. இந்த வாரம் நான் இல்லாம போயிட்டேன்." "அந்த வெங்காயத்தைக் குப்பையில பார்த்தேன், முதலாளியம்மா. முள்ளம்பன்னி மாதிரி இருந்துச்சு. கடைக்குள்ள நுழைஞ்சா பல்லு டாக்டர் வீடு மாதிரி நெடி. ஒரு நாள் க்ரீம் திரிஞ்சு கெட்டுப் போயிருந்துச்சு, நீங்க ஊத்தினீங்க. நான் சட்டியைத் தட்டி விட்டுட்டேன், கை தவறிச்சுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

ஏழு மாசம்! ஏழு மாசமாக ஒரு ஊரே கூடி அவளுக்குப் பிச்சை போட்டிருக்கிறது. அவளை ஏமாற்றியவர்களில் ஒருவரும் கெட்டவரில்லை. திட்டக்கூட ஆளில்லையே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. நேராகத் தியோலியே வீட்டுக்குப் போய் நாலு மாடி ஏறினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேகவைத்த முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முட்டையைக் கீழே வைத்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்கு வந்ததில்லை.

"ஏன்யா கிராம்பு கேட்ட?" என்றாள், மூச்சு வாங்க.

"கேக்கலேன்னா உனக்குத் தெரிஞ்சுடுமே."

"நீ கேக்கறேன்னுதான்யா நான் போட்டேன்!"

தியோலியேயின் வாய் திறந்தபடி நின்றது. "இருபத்தஞ்சு வருஷமாக் கேட்டேனே, ஒரு நாள் போட்டியா? கடைசியில இப்பவா என் பேச்சைக் கேக்கணும்? ஐயோ, நான் நாளுக்கு நாள் கூடுதேன்னு பார்த்தேன். மூக்கு போன வேதனையில நீ ஏதோ பண்றேன்னு நெனச்சேன். நானா காரணம்?"

"நீதான்யா."

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

"வேற யாரும் விழுங்கல, நீ மட்டும் எப்படித் தின்னே?" என்றாள்.

"போர்ல இதைவிட மோசமாத் தின்னிருக்கேன்" என்றார் அவர். அப்புறம், "அப்படி இல்லம்மா, அதுவும் பொய். இதுதான் மோசம்" என்றார்.

லெயோனி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை சமைக்கிறேன். வர செவ்வாய் இல்ல, அடுத்தது. எனக்கு ஒரு வாரம் வேணும். தராசு வேண்டாம், ஃபெர்னாந்த் சமையக்கட்டுக்குள்ள வர வேண்டாம். ரெண்டே கிராம்பு. பழைய கைக்கணக்கு. கைக்கு ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும். நீ வந்து சாப்பிடு, சாப்பிட்டுட்டு உண்மையைச் சொல்லு."

"நல்லா இருந்தா?"

"குறை சொல்லு. கடை நடக்கும்."

"நல்லா இல்லேன்னா?"

அவள் எழுந்தாள். கதவருகே திரும்பி, "பொய்யாக் குறை சொன்னே, உன் ஏழாம் நம்பரைப் பிடுங்கி அடுப்புல வச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்த ஒரு வாரமும் கடை மூடியிருந்தது. உள்ளே அவள் ஒத்திகை பார்த்தாள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒத்திகை ஒன்றும் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, ஒவ்வொரு பானையும் எந்த நேரத்தில் என்ன வாசனை வரும் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். வெங்காயம் வேகும் வாசனை முதலில் வந்தது. ஒயின் வாசனை மங்கலாக வந்தது. மூன்றாம் நாள் குடலின் வாசனையை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டு வர முடியவில்லை. நாற்பது வருஷம் கூட இருந்த வாசனை, பேர் மட்டும் இருந்தது. அதற்கப்புறம் அவள் கண்ணை மூடிப் பார்க்கவில்லை.

நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாள். குடலை நாலு தண்ணீரில் கழுவினாள். வெங்காயத்தை எடுத்து இரண்டு கிராம்பு குத்தினாள். மூன்றாவதை எடுத்தாள், டப்பாவில் திரும்பப் போட்டாள். ஒயின் ஊற்றினாள், பானையை மூடினாள், மூடியைச் சுற்றி மாவு அப்பினாள். மூன்றரை மணி நேரம் அதைத் திறக்கக் கூடாது. முன்பெல்லாம் அந்த மூடியின் விளிம்பிலிருந்து கசிகிற வாசனைக்கு ஏற்றபடி தீயைக் குறைத்துக் குறைத்து வைப்பாள். இப்போது கடிகாரத்தைப் பார்த்தாள், தீயின் நீலத்தைப் பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். நோயாளிக்குக் காவல் இருக்கிற மாதிரி இருந்தாள்.

எட்டரை மணிக்கு முன்பக்கம் ஜன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்டது.

"குளிர்ல ஏன்டி திறக்கிற?" என்று குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம்... காத்து வரட்டும், முதலாளியம்மா" என்றாள் ஃபெர்னாந்த்.

ஒன்பதுக்கு எல்லோரும் வந்தார்கள். பத்தொன்பது பேரும். வாசலில் காலை வைத்த ரெவோல் ஒரு நொடி நின்றான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. மரப்பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்கள். கேலியில்லை, சத்தமில்லை. லெயோனி மாவை உடைத்து, மேலாக நாலு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தாள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. உப்பு சரியாக இருந்தது. தானே தட்டைக் கொண்டு போய்த் தியோலியே முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே கரண்டியோடு நின்றாள்.

தியோலியே சாப்பிட்டார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாயாக மென்று விழுங்கினார். துணியை வாய்ப் பக்கம் கொண்டு போகவே இல்லை. கடைசியில் ரொட்டியைப் பிய்த்துத் தட்டைச் சுற்றித் துடைத்தார். அந்த ரொட்டியையும் வாயில் போட்டு மென்றார். அது தொண்டையில் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுய்யா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. கிராம்பு, அந்த ஒரு சொல், சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். பல்லு டாக்டர்கிட்டப் போய்யா என்கிற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தியோலியே தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றார். "இத்தனை வருஷமும் ரொம்ப நல்லா இருந்துச்சு."

ஃபெர்னாந்த் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். லெயோனி சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "ஏன்யா, நீ பாரிஸ்காரனா?" என்றாள். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

"நன்றி" என்றாள் அப்புறம். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர்கள் கேட்டதே இல்லை.

மற்றவர்களுக்கு அவள் பரிமாறவில்லை. மேசை மேசையாகப் போய் அவரவர் துணியை மடித்து அவரவர் கையில் கொடுத்தாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க. இனிமே உங்க வீட்டுலயே துவைச்சுக்குங்க." ரெவோல் தேம்பித் தேம்பி அழுதான். "நீ ஏன்டா அழற, தின்னவரே அழல" என்று அவன் தோளைத் தட்டினாள். எல்லோரும் போன பிறகு பானையைக் கழுவ எடுத்தாள். கரண்டி அடியில் இறங்கவில்லை. சுரண்டிப் பார்த்தாள். விரற்கடை கனத்துக்குக் கரியாக அடிபிடித்திருந்தது. தெருமுனைவரை அந்தத் தீய்ந்த நாற்றம் போயிருக்கும். முதல் வருஷத்துப் பாத்திரம் தேய்க்கிற பெண்கூட அதைத் தவற விட மாட்டாள். லெயோனி அந்தப் பானையைத் தானே உட்கார்ந்து தேய்த்தாள். அதற்கே சாயந்தரமாகிவிட்டது.

அதற்கப்புறம் மேல் அறையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். மூக்கு திரும்பவில்லை. அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் தின்றாள். உப்பாவது தெரிகிறதே என்பாள். கீழே கடையில் செருப்பு விற்றார்கள். தியோலியே ஒன்பது மணிக்கு அந்த வழியாகப் போவார், மேலே ஜன்னலைப் பார்ப்பார், அவள் கையை ஆட்டுவாள். ஒன்றும் கேட்க மாட்டார்.

1994 மார்ச்சில் அவளைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். நகராட்சிக்காரர் ஒருவர் தாளைப் பார்த்து நீளமாகப் புகழ்ந்தார். ரெவோல் புகழ்ந்தான், அஞ்சல்காரன் புகழ்ந்தான். அந்த மேட்டு மனிதர்கள் முப்பத்தேழு வருஷம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்று கொட்டினார்கள். தள்ளாத வயதுத் தியோலியே கோலை ஊன்றியபடி ஓரமாக நின்றிருந்தார். ஃபெர்னாந்த் அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டு வந்தாள்.

"நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க, தியோலியே ஐயா. இப்பச் சொல்லலாமே."

அவர் குழியைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"நான் எண்பத்து மூணுலயே சொல்லிட்டேன்" என்றார்.